வேண்டாம் என்ற 228 பேர்

2008 செப்டம்பர் 29, திங்கட்கிழமை பிற்பகல். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஒரு வாக்கெடுப்பை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நாற்பது நிமிடம்வரை மூடாமல் வைத்திருந்தார்கள். இரு கட்சித் தலைவர்களும் தங்கள் உறுப்பினர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சித் திரையின் ஒரு பாதியில் வாக்கு எண்ணிக்கை ஓடியது, மறுபாதியில் டவ் ஜோன்ஸ் குறியீடு. எதிர்ப்பு வாக்குகள் கூடக் கூடக் குறியீடு சரிந்தது. கடைசியில் ஆதரவு 205, எதிர்ப்பு 228. நிதித்துறையைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் கேட்ட மசோதா தோற்றுப்போனது. சந்தை மூடும்போது குறியீடு 777 புள்ளிகளை இழந்திருந்தது. ஒரே நாளில் அத்தனை புள்ளிகள் விழுந்தது அதுவரை நடந்ததே இல்லை.

அந்த மசோதாவுக்குப் பின்னால் நின்றவர்களை எண்ணிப் பார்த்தால்தான் அந்தத் தோல்வியின் கனம் புரியும். ஜனாதிபதி புஷ், கருவூலச் செயலர் ஹென்றி பால்சன், பெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, சபாநாயகர் நான்சி பெலோசி, சிறுபான்மைக் கட்சித் தலைவர் ஜான் போனர், அடுத்த ஜனாதிபதியாகக் காத்திருந்த ஒபாமா, மெக்கெய்ன் இருவரும். ஒரு நாட்டின் அதிகாரம் முழுவதும் ஒரே பக்கம் நின்று கேட்டதைக் குடியரசுக் கட்சியின் 133 பேரும் ஜனநாயகக் கட்சியின் 95 பேரும் மறுத்தார்கள்.

மறுநாளே அதற்கு ஒரு விளக்கம் தயாராகிவிட்டது. தேர்தலுக்கு ஐந்து வாரமே இருக்கிறது, உறுப்பினர்கள் பயந்துவிட்டார்கள், நிதிச்சந்தை எப்படி இயங்குகிறது என்று தெரியாத மக்கள் ஆத்திரத்தில் தொலைபேசியை எடுத்துத் திட்டித் தீர்த்தார்கள், அதற்குப் பணிந்து நாட்டையே பணயம் வைத்துவிட்டார்கள் என்றது அந்த விளக்கம். பாதி உண்மைதான். அந்த வாரம் சபையின் இணையதளம் மின்னஞ்சல் வெள்ளத்தைத் தாங்க முடியாமல் திணறியது. வந்த அழைப்புகளில் மிகப் பெரும்பான்மை 'வேண்டாம்' என்றே வந்தன. கடும் போட்டியுள்ள தொகுதிக்காரர்களில் பெரும்பாலானோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஆனால் வாக்காளருக்குப் பயப்படுவது ஒரு மக்கள் பிரதிநிதியின் குறையாக எப்போது ஆனது? அந்த 228 வாக்குகளை அறியாமையின் கணக்கில் எழுதியதுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

மக்கள் எதைக் கண்டு கொதித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாள் ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு பெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதற்கு எந்த வாக்கெடுப்பும் இல்லை. அந்த வார இறுதியில் பால்சன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய வரைவு மொத்தம் மூன்று பக்கம். வங்கிகளிடம் தேங்கிக் கிடந்த மோசமான அடமானப் பத்திரங்களை வாங்க 70,000 கோடி டாலர் தாருங்கள் என்றது அது. அதன் எட்டாவது பிரிவு, கருவூலச் செயலர் எடுக்கும் முடிவுகளை எந்த நீதிமன்றமும் எந்த அரசு அமைப்பும் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்றது. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்ட பத்திரிகையிடம் கருவூலத்தின் செய்தித் தொடர்பாளர், குறிப்பிட்ட தரவு எதிலிருந்தும் அது வரவில்லை, மிகப் பெரிய ஓர் எண்ணாக இருக்க வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தோம் என்ற பொருளில் பதில் சொன்னார். மூன்று பக்கம், நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்ட அதிகாரம், கணக்கில்லாத தொகை. வீட்டுக் கடனுக்காக ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட குடும்பம் இதைப் படித்துவிட்டுத் தன் உறுப்பினரை அழைத்து 'வேண்டாம்' என்று சொன்னால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறிந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களின் வரலாறும் இருக்கிறது. 2005இல் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோலில் நடந்த மத்திய வங்கியாளர் மாநாட்டில், அப்போது சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ரகுராம் ராஜன், நிதித்துறையின் வளர்ச்சியே உலகை இன்னும் ஆபத்தானதாக ஆக்கியிருக்கிறதா என்று ஒரு கட்டுரை வாசித்தார். மேலாளர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத அபாயங்களை நோக்கித் தள்ளுகிறது என்பது அதன் சாரம். முன்னாள் கருவூலச் செயலர் லாரன்ஸ் சம்மர்ஸ் உட்படப் பலர் அங்கேயே அதைச் சாடினார்கள். 2007 மார்ச்சில்கூட, தரம் குறைந்த வீட்டுக் கடன்களின் பிரச்சினை கட்டுக்குள் அடங்கிவிடும் என்றே பெர்னான்கி நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பதினெட்டு மாதம் கழித்து அதே மனிதர்கள் வந்து, நாங்கள் சொல்வதை நம்புங்கள், நேரமில்லை என்றார்கள். ஒரு குடிமகன் தயங்கக் காரணம் வேண்டுமென்றால் அது போதும்.

எதிர்த்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. கென்டக்கியின் செனட்டர் ஜிம் பன்னிங் இதை நிதித்துறைச் சோசலிசம் என்றார். டெக்சாஸின் ரான் பால், அரசு கைவைத்ததால்தான் நோயே வந்தது, மேலும் கைவைத்தால் முற்றும் என்றார். மறுபுறம், தொழிற்சாலைகள் மூடிக்கொண்டே போன ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரிலிருந்து வந்த மார்சி காப்டர், வீடு இழப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். செனட்டில் பெர்னி சாண்டர்ஸ், மீட்கத்தான் வேண்டுமென்றால் செலவைப் பெரும் பணக்காரர்கள்மீது கூடுதல் வரியாகப் போடுங்கள் என்றார். நூற்றுக்கும் மேற்பட்ட பொருளியல் பேராசிரியர்கள், அவசரப்படாதீர்கள் என்று நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் பலர் இடதுசாரிகள் அல்லர், சந்தையை நம்புகிறவர்கள். வாக்களிக்கும்போது இத்தனை காரணங்களும் ஒரே சிவப்புப் பொத்தானில் போய் முடிந்தன. 'வேண்டவே வேண்டாம்' என்றவரும், 'இந்த விதத்தில் வேண்டாம்' என்றவரும் ஒரே எண்ணிக்கையில் அடங்கினார்கள். எதிர்ப்பின் பலவீனம் அங்கேதான் இருந்தது. ஆளுங்கூட்டம் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

ஒன்றுமே செய்யாமல் விட்டிருக்கலாம் என்று நான் நம்பவில்லை. லேமன் விழுந்த மறுநாள் ரிசர்வ் பிரைமரி பண்ட் என்ற பணச்சந்தை நிதியத்தின் ஒரு டாலர் பங்கு 97 சென்ட்டாகக் குறைந்தது. வங்கிக் கணக்கைப்போலவே பத்திரமானது என்று மக்கள் நினைத்திருந்த இடம் அது. நிறுவனங்கள் சம்பளம் போடவும் சரக்கு வாங்கவும் நம்பியிருந்த குறுகியகாலக் கடன்சந்தை உறைந்தது. வங்கி விழுந்தால் முதலில் வேலை இழப்பவர் அதன் தலைவர் அல்லர் என்பது 1930களிலேயே அமெரிக்கா படித்த பாடம். ஆகவே தலையிடத்தான் வேண்டியிருந்தது. எந்த நிபந்தனையில் என்பதுதான் கேள்வி. 1992இல் சுவீடன் இதே நிலையில் நின்றது. நூர்ட்பாங்கன், யோட்டாபாங்கன் என்ற இரண்டு வங்கிகளையும் அரசே எடுத்துக்கொண்டது. வாராக்கடன்களைத் தனி நிறுவனங்களில் ஒதுக்கியது. அரசு பணம் போடுமென்றால் பழைய பங்குதாரர்தான் முதலில் இழக்க வேண்டும் என்றது. வாஷிங்டனில் அந்த வாரம் பலரும் இந்த உதாரணத்தை எடுத்துப் பேசினார்கள். மசோதாவுக்குள் மட்டும் அது நுழையவில்லை.

செப்டம்பர் 29க்கும் அக்டோபர் 3க்கும் இடைப்பட்ட நான்கு நாட்கள்தான் இந்தக் கதையில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பவை. கடன் கொடுப்பவரின் வார்த்தைக்கு மதிப்பு, பணம் கைமாறும்வரைதான். அந்த நான்கு நாளும் அமெரிக்க மக்களின் கையில் அந்த மதிப்பு இருந்தது. வங்கிகளுக்குப் பணம் வேண்டும், சபை மறுத்துவிட்டது. மறுத்தவர்களிடம் போய், என்ன சேர்த்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்க அதைவிட நல்ல தருணம் வந்திருக்க முடியாது.

கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் என்ன சேர்த்தார்கள் என்று பாருங்கள். அக்டோபர் முதல் தேதி செனட் 74க்கு 25 என்று நிறைவேற்றிய வடிவம் 450 பக்கத்தைத் தாண்டியது. வங்கி வைப்புகளுக்கான அரசுக் காப்பீட்டின் வரம்பு ஒரு லட்சம் டாலரிலிருந்து இரண்டரை லட்சமாக உயர்ந்தது. அது நல்லதுதான். மனநல மருத்துவக் காப்பீட்டுக்கான சட்டம் ஒன்றும் அதிலேயே ஏறிக்கொண்டது, அதுவும் நல்லதே. கார் பந்தயத் திடல்களுக்கு வரிச்சலுகை, ரம் தயாரிப்பு சார்ந்த வரிச்சலுகை, குழந்தைகள் விளையாடும் மர அம்புகளுக்கு வரிவிலக்கு என்று, தயங்கிய உறுப்பினர்களின் தொகுதிகளுக்கு உகந்தவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தொலைபேசியில் மக்கள் கேட்டது மர அம்பு அல்ல.

அவர்கள் கேட்கக்கூடிய மிக எளிய ஒன்று அப்போது கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அமெரிக்கத் திவால் சட்டத்தில் ஒரு விசித்திரமான விதி உண்டு. ஒருவர் கடன் கட்ட முடியாமல் நீதிமன்றத்துக்குப் போனால், அவருடைய விடுமுறைக்கால வீட்டின் கடனை அதன் இன்றைய மதிப்புக்கு ஏற்ப நீதிபதி குறைக்கலாம். பண்ணை நிலத்தின் கடனையும் குறைக்கலாம். அவர் குடும்பத்தோடு குடியிருக்கும் ஒரே வீட்டின் கடனை மட்டும் தொடக் கூடாது. இந்த விதியை மாற்றினால் அரசுக்குப் பைசா செலவில்லை. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் நீதிபதியின் முன் இழப்பைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மேரிலாண்டைச் சேர்ந்த டோனா எட்வர்ட்ஸும் எலைஜா கம்மிங்ஸும் முதல் வாக்கெடுப்பில் எதிர்த்தவர்கள். இரண்டாவதற்கு முன் ஒபாமா அவர்களோடு பேசி, தான் ஜனாதிபதியானால் இந்த மாற்றத்துக்காக நிற்பதாக உறுதியளித்தார். அவர்கள் 'ஆம்' என்று மாற்றி வாக்களித்தார்கள். சிவில் உரிமைப் போராட்டத்தில் அடி வாங்கிய ஜான் லூயிஸும் மாற்றினார். அக்டோபர் 3 அன்று 263க்கு 171 என்று மசோதா நிறைவேறியது. புஷ் அன்றே கையெழுத்திட்டார். எதிர்த்து வாக்களித்தால் ராணுவச் சட்டமே வரும் என்று சில உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டதாகக் கலிபோர்னியாவின் பிராட் ஷெர்மன் சபையிலேயே பதிவு செய்தார்.

பணம் கைமாறியது. அக்டோபர் 13 அன்று பால்சன் ஒன்பது பெரிய வங்கிகளின் தலைவர்களைக் கருவூலத்துக்கு அழைத்து, ஆளுக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். 12,500 கோடி டாலர். எந்த மோசமான பத்திரங்களை வாங்குவதாகச் சொல்லி நாடாளுமன்றத்தைக் கெஞ்சினாரோ அந்தத் திட்டத்தை நவம்பரில் கைவிட்டுவிட்டதாகவும் அறிவித்தார். பணம் நேராக வங்கிகளின் முதலாகப் போனது. போன விதத்துக்கு ஓர் உதாரணம் போதும். செப்டம்பர் 23 அன்று ஒமாகா நகர முதலீட்டாளர் வாரன் பஃபெட், கோல்ட்மன் சாக்ஸ் வங்கியில் 500 கோடி டாலர் போட்டார். ஆண்டுக்கு 10 சதவீதம் ஈவுத்தொகை, கூடவே இன்னொரு 500 கோடிக்குப் பங்கு வாங்கும் உரிமை. மூன்று வாரம் கழித்து அதே வங்கியில் அமெரிக்க மக்கள் 1,000 கோடி டாலர் போட்டார்கள். ஈவுத்தொகை 5 சதவீதம், பங்கு வாங்கும் உரிமை போட்ட பணத்தில் 15 சதவீத அளவுக்கு. எலிசபெத் வாரன் தலைமையிலான நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு அடுத்த பிப்ரவரியில் கணக்குப் போட்டுச் சொன்னது: கருவூலம் 25,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியவற்றின் மதிப்பு 17,600 கோடிதான். ஒமாகாவின் முதலீட்டாளர் ஒருவர் தனியாக நின்று பேசி வாங்கிய நிபந்தனையை ஒரு வல்லரசு வாங்கவில்லை. முடியாமல் அல்ல, அது கேட்கவே இல்லை.

2009 மார்ச்சில் திவால் சட்டத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஏப்ரல் 30 அன்று செனட்டில் 45க்கு 51 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சிக்காரர்களே பன்னிரண்டு பேர் எதிர்த்தார்கள். திருத்தத்தைக் கொண்டுவந்த இலினாய் செனட்டர் டிக் டர்பின் அந்த நாட்களில் ஒரு வானொலிப் பேட்டியில், இத்தனை நெருக்கடிக்குப் பிறகும் இந்த நாடாளுமன்றத்தில் வங்கிகள்தான் மிகச் சக்திவாய்ந்தவை, வெளிப்படையாகச் சொன்னால் இந்த இடமே அவர்களுடையது என்று வருந்தினார். புதிய ஜனாதிபதி அந்தத் திருத்தத்துக்காகக் கோபத்தோடு வீதிக்கு வரவில்லை. அக்டோபர் 2 அன்று இதே கேள்வி கேட்கப்பட்டிருந்தால் வங்கிகள் எதைச் சொல்லி மறுத்திருக்கும்? மறுக்கும் நிலையில் அன்று அவை இல்லை.

மீட்பை ஆதரிப்பவர்கள் இன்று சொல்லும் வாதம் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. வங்கிகளில் போட்ட பணம் திரும்பி வந்துவிட்டது, ஏறத்தாழ 24,500 கோடி போட்டு 27,500 கோடி எடுத்தோம், மக்களுக்கு லாபமே என்கிறார்கள். அந்த எண்கள் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் வீடுகள் இல்லை. வீட்டுக்காரர்களுக்கென அதே நிதியிலிருந்து சுமார் 5,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள், 30 முதல் 40 லட்சம் குடும்பங்களின் கடன்தவணையைக் குறைப்போம் என்றார்கள். குறைக்கும் பொறுப்பை, வீட்டை ஜப்தி செய்தால் லாபம் பார்க்கும் அதே கடன் வசூல் நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். ஆவணம் தொலைந்துவிட்டது, மறுபடி அனுப்புங்கள் என்று மாதக்கணக்கில் அலையவிட்டுக் கடைசியில் வீட்டைப் பறித்த கதைகள் விசாரணைக் குழுக்களின் முன் குவிந்தன. திட்டம் இலக்கின் அருகில்கூட வரவில்லை. மீட்பு நிதியின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த நீல் பரோஃப்ஸ்கி, இது பற்றிக் கருவூலச் செயலர் டிமோத்தி கைத்னரிடம் கேட்கப்பட்டபோது கிடைத்த பதிலை எழுதியிருக்கிறார். ஜப்திகள் ஒரேயடியாக வந்து வங்கிகளைத் தாக்காமல் மெதுவாக வருவதற்கு, விமானம் தரையிறங்கும் ஓடுபாதையில் நுரை தெளிப்பதைப்போல இந்தத் திட்டம் உதவும் என்றாராம். தரையிறங்குவது வங்கி என்றால், நுரை அந்தக் குடும்பங்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வாஷிங்டனில் மசோதா தோற்ற அதே செப்டம்பர் 29 இரவு, டப்ளினில் வேறொன்று நடந்தது. அயர்லாந்தின் பெரிய வங்கிகள் இரண்டின் தலைவர்கள் அரசு மாளிகைக்கு வந்தார்கள். பிரதமர் பிரையன் கோவனும் நிதியமைச்சர் பிரையன் லெனிஹானும் நள்ளிரவு தாண்டியும் பேசினார்கள். தூங்கிக்கொண்டிருந்த அமைச்சர்களைத் தொலைபேசியில் எழுப்பி ஒப்புதல் பெற்றார்கள். விடிந்தபோது, ஆறு நிறுவனங்களின் ஏறத்தாழ 44,000 கோடி யூரோ கடன்பொறுப்புக்கு அயர்லாந்து அரசு உத்தரவாதம் தந்திருந்தது. அந்த நாட்டின் மக்கள்தொகை அப்போது 45 லட்சம் இருக்கலாம். நாடாளுமன்றம் பிறகு கூடிச் சட்டமாக்கியது. எதிர்க்கட்சிகளில் தொழிலாளர் கட்சி எதிர்த்து வாக்களித்தது. இதுவரை உலகில் நடந்ததிலேயே மலிவான மீட்பு இது என்றார் லெனிஹான். ஆங்கிலோ ஐரிஷ் போன்ற வங்கிகளின் குழி தோண்டத் தோண்ட ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் மக்கள் போட்டது சுமார் 6,400 கோடி யூரோ. 2010 நவம்பரில் அந்த நாடே சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் 8,500 கோடி யூரோ உதவித் திட்டத்துக்குக் கையேந்தியது.

அதே அயர்லாந்தில், கார்க் மாவட்டத்தின் வடபகுதியில் பாலிஹே என்ற சிற்றூர். 2011 மார்ச்சில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்களில் சிலர் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு சாலையில் நடந்தார்கள். வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வெளியாரின் இழப்பை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. அடுத்த ஞாயிறும் நடந்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் ஞாயிறுதோறும் நடந்தார்கள். கல்லெறியவில்லை, கடை உடைக்கவில்லை. கொள்கை எதுவும் அவர்களால் மாறவில்லை. அமெரிக்கர்களுக்கு நான்கு நாளாவது கிடைத்தது, ஐரிஷ் மக்களுக்கு ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. மறுக்கும் தருணம் தரப்படாதவர்கள், முடிந்துபோன ஒன்றை ஒவ்வொரு வாரமும் மறுத்துக்கொண்டிருந்தார்கள். அரசியல் எதிர்ப்பின் வரலாற்றில் பெரிய ஊர்வலங்களைவிட இந்தச் சிறு ஊர்வலம் எனக்கு முக்கியமானதாகப் படுகிறது.

அமெரிக்காவில் கோபம் அவ்வளவு பொறுமையாக நடக்கவில்லை. 2009 பிப்ரவரியில் சிகாகோ வணிகச் சந்தையின் தளத்தில் நின்று தொலைக்காட்சி வர்ணனையாளர் ரிக் சான்டெல்லி கத்தினார். அவர் கத்தியது வங்கிகளைக் காப்பாற்றியதற்காக அல்ல, கடன் கட்ட முடியாத அண்டைவீட்டுக்காரருக்கு உதவ அரசு முன்வந்ததற்காக. டீ பார்ட்டி இயக்கம் அந்தக் கத்தலிலிருந்து வேகம் பிடித்தது. மேலே போயிருக்க வேண்டிய ஆத்திரம் பக்கத்து வீட்டின்மேல் திரும்பியது. அடுத்த மாதம், அரசுப் பணத்தில் உயிர் பிழைத்திருந்த ஏ.ஐ.ஜி. தன் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்தது தெரியவந்தபோது, அதன்மீது 90 சதவீத வரி போடப் பிரதிநிதிகள் சபை 328க்கு 93 என்று வாக்களித்தது. செனட் அதைத் தொடவே இல்லை. 2010 மே மாதம் யூட்டா மாநிலக் கட்சி மாநாட்டில், மூன்று முறை செனட்டராக இருந்த ராபர்ட் பென்னெட்டைப் பார்த்துக் கூட்டம் மீட்பு நிதியின் பெயரைச் சொல்லிக் கோஷமிட்டது. அவருக்கு வேட்பாளராகும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 2011 செப்டம்பரில் நியூயார்க்கின் ஜுக்காட்டி பூங்காவில் வங்கிகளை எதிர்த்துக் கூடாரமடித்தவர்கள் அரசியலின் மறுமுனையிலிருந்து வந்தார்கள். அந்த ஒரே சிவப்புப் பொத்தானை அழுத்தியவர்கள் இப்போது இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெறுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கக்கூடிய ஒரு மசோதா அந்த நான்கு நாளில் எழுதப்பட்டிருக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்சியாளர்கள் இதிலிருந்து ஒன்று கற்றார்கள், அது நான் விரும்பிய பாடம் அல்ல. 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி விழுந்தது. அங்கிருந்த வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், 2008இல் உயர்த்திய அந்த இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்கு வெளியே இருந்தன. அதாவது அவற்றுக்குக் காப்பீடு இல்லை. வெள்ளிக்கிழமை வங்கி மூடப்பட்டது. ஞாயிறு மாலை, கருவூலமும் பெடரல் ரிசர்வும் வைப்புக் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து, அத்தனை வைப்பும் முழுதாகத் தரப்படும் என்று அறிவித்தன. ரோக்கு நிறுவனத்தின் சுமார் 48.7 கோடி டாலரும், கிரிப்டோ நாணயம் வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் 330 கோடி டாலரும் அவற்றில் அடக்கம். இம்முறை பங்குதாரர்கள் இழந்தார்கள், நிர்வாகம் வெளியேற்றப்பட்டது. அந்த அளவுக்கு 2008ஐவிட மேல். செலவை வங்கிகளின் மீதான சிறப்புக் கட்டணமாக வசூலித்ததும் சரியே. ஆனால் காப்பீட்டு வரம்புக்கு மேல் பணம் வைத்திருந்தவர்களைக் காக்கலாமா, காப்பதென்றால் அவர்களிடம் என்ன கேட்பது என்பதை அந்த முடிவுக்கு முன் மக்களின் பிரதிநிதிகள் யாரும் விவாதிக்கவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு விதிவிலக்கே போதுமானதாக இருந்தது. நாடாளுமன்றத்துக்கு எந்த மசோதாவும் வரவில்லை.